மேம்பாலம் ஏறிய சீர்

இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் மனிதன் வெறும் துரும்பு.

இந்த மகத்தான உண்மையை எழுதி, கீழே தன் பெயரையும் ‘தலைவர், ரிவர் வியூ குடியிருப்போர் நலச் சங்கம், அடையாறு’ என்ற பதவியையும் போட்டு, தணிகாசலம் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிய காலை வேளையில் வெளியே ஒரு துரும்புகூட அசையவில்லை.

மொட்டை மாடிக் கொடியில் யாரோ மறந்துபோன லுங்கி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஆட்டிப் பார்க்கக்கூடக் காற்றுக்கு மனம் வரவில்லை.

வங்கக் கடலில் புயல் ஒன்று வந்துகொண்டிருந்தது உண்மைதான். அண்டை நாட்டுக்காரர் யாரோ வைத்த, வாயில் நுழையாத பெயர். ரிவர் வியூவில் ஆளுக்கொரு விதமாக அதை உச்சரித்தார்கள். தணிகாசலம் மட்டும் இரண்டு விதமாக உச்சரித்தார். முந்தின நாள் மாலை வரை ‘தீவிரம்’ என்ற டிவிக்காரர்கள், விடிந்ததும் ‘வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக’ என்று ஆரம்பித்தார்கள். தணிகாசலம் சேனலை மாற்றினார். இன்னொரு சேனலில் புயல் இன்னும் தீவிரமாக இருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்தார்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர, கண்காணிப்பதை விடவில்லை. தரைத்தளத்தில் இருக்கும் பார்ட்டி ஹாலை அவர் ‘கட்டுப்பாட்டு அறை’ ஆக்கியிருந்தார். உள்ளே ஒரு பெரிய டிவி, ஒரு வெள்ளைப் பலகை, ரொட்டிப் பாக்கெட்டுகள், மெழுகுவத்திகள், பிறந்த நாளுக்கு யாரோ ஒட்டிவிட்டுப் போன பலூன்கள்.

சுலோச்சனா இதையெல்லாம் மூன்றாவது மாடி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கணவரின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவளுக்குப் புயலைப் பற்றிக் கவலை இல்லை. அவள் கவலை நொச்சிக்குப்பத்தில் இருந்தது.

இன்று அவள் அண்ணன் கபாலியின் மகள் ஷீலாவுக்கு நிச்சயதார்த்தம்.

போன வாரம் கபாலி வெற்றிலை பாக்கோடு ரிவர் வியூ கேட்டுக்கு வந்து நின்றார். சங்கச் செயலாளர் பரத்வாஜோடு பேசிக்கொண்டிருந்த தணிகாசலம், சொந்த மைத்துனரைக் காட்டி, ‘இவர் நமக்கு மீன் கொண்டுவருபவர்’ என்று மூன்றாவது மாடி வரை கேட்கும்படி அறிமுகம் செய்துவைத்தார். பரத்வாஜ் உடனே குரலைத் தணித்து, தனக்கில்லை, ஜிம்முக்குப் போகும் பையனுக்கு என்று சொல்லி, வஞ்சிரம் கிடைக்குமா என்று விசாரித்தார். கபாலி கிடைக்கும் என்றார். மறுநாள் கொண்டுவந்தும் கொடுத்தார். ஆனால் மாடி ஏறவில்லை. தங்கையைக் கேட்டுக்கே கூப்பிட்டுச் சொன்னார்:

“சுலோ, அத்த புடவ வந்தாத்தான் நம்ம வூட்ல பொண்ணு சபைல குந்தும். உனுக்கு நான் சொல்லத் தேவயில்ல. பெரியவ சடங்குக்கு நீ வர்ல. அம்மா காரியத்துக்கு வந்து அர நாள்ல எய்ந்து போய்ட்ட. இதுக்கும் வர்லன்னா எல்லம்மா புடவைய கட்டிக்கினு ஷீலா வந்து குந்தட்டும். அப்பால அந்த அத்த எடம் எல்லம்மாவுக்குத்தான். நானும் இந்தக் கேட்டாண்ட வரமாட்டேன்.”

எல்லம்மா, சித்தப்பா மகள். அந்த இடத்துக்காகப் பல காலமாகப் பட்டுப்புடவையோடு காத்திருப்பவள்.

நிச்சயத்துக்கு அன்று கபாலி தேதி சொல்லவில்லை. ‘கூண்டு ஏறின மறுநாள்’ என்று மட்டும் சொன்னார். புயல் வருகிற நாளையா விசேஷத்துக்குக் குறிப்பார்கள் என்று கேட்பவர்கள் குப்பத்தை அறியாதவர்கள். மாப்பிள்ளை பிரபு காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். அவன் கரையில் கால் வைப்பதே அபூர்வம். பஞ்சாங்கம் பார்த்து வைத்த தேதிகள் எல்லாம், மீன் நன்றாகப் படுகிறது என்று தள்ளித் தள்ளிப் போயின. கடலுக்குப் போகாதே என்று அரசாங்கமே சொல்லும் நாளில்தான் எல்லா ஆண்களும் கரையில் இருப்பார்கள். ஆகவே துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் கபாலி ஷாமியானாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடையாற்றில் ஒரு ஊரையே பூட்டிவைத்த அதே புயல், நொச்சிக்குப்பத்தில் முகூர்த்தம்.

சுலோச்சனா அங்கே போகக் கூடாது என்று தணிகாசலம் போட்டிருந்த தடைக்குப் புயல் அல்ல, வேறு காரணம் இருந்தது. பூர்வீகம் எது என்று யாராவது கேட்டால், ‘சாந்தோம் பக்கம், பீச்சைப் பார்த்த வீடு’ என்பார். அதில் பொய் இல்லை. நொச்சிக்குப்பத்துக்கு அடுத்த குப்பத்தில், பீச்சைப் பார்த்து மட்டுமல்ல, பீச்சின் மேலேயே இருந்த வீடு அது. கூரை ஓலை. அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். ரிவர் வியூவுக்குக் குடிவந்த நாளில் இந்தச் செய்திகள் மூட்டை கட்டிப் பரணில் போடப்பட்டன. கூடவே சுலோச்சனாவின் பேச்சும் போனது. ‘கீது’ என்று அவள் வாயில் வந்தால் தணிகாசலம் இருமுவார். அவள் ‘இருக்கு’ என்று திருத்திக்கொள்வாள்.

இன்று அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். பிறகு மகன் மதிவாணனின் அறைக்குப் போய், தி. நகரில் வாங்கிய சீரை எடுத்துக் கொடு என்றாள்.

ஷீலாவுக்காக வாங்கிய அரக்கு நிறப் பட்டு, வளையல், பித்தளைத் தட்டு. அப்பா கண்ணில் படக் கூடாதென்று ஒளித்துவைக்கும் பொறுப்பு மதிவாணனுடையது. வீட்டிலிருந்தே ஐ.டி. கம்பெனிக்கு வேலை பார்ப்பவன் அவன். அலுவலகக் கூட்டத்தில் காமிராவை அணைத்துவிட்டுத் திரும்பிய அவன் முகத்தில் புயல் கரையைக் கடந்திருந்தது.

“ம்மா, அது கார் டிக்கில இருக்கு.”

“சரி, போய் எடுத்துட்டு வா.”

“கார் மேம்பாலத்துல இருக்கு.”

தணிகாசலம் முந்தின நாளே காரைக் கொண்டுபோய் அடையாறு மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டார். சாவி இரண்டும் அவரிடம். ஒன்று சட்டைப் பையில், இன்னொன்று ‘அவசரகாலப் பெட்டி’யில். அவசரகாலப் பெட்டிக்கும் ஒரு பூட்டு. அந்தச் சாவியும் அவரிடம்.

சுலோச்சனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கீழே கேட் பூட்டியிருந்தது. சாவி தலைவரின் கழுத்தில், விசிலோடு ஒரே கயிற்றில். ரொட்டி வாங்க நின்ற வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. சிவப்பு எச்சரிக்கை இருக்கும்போது யாரும் வெளியே போகக் கூடாது என்று காலையிலேயே குழுவில் போட்டிருப்பதைத் தணிகாசலம் மனைவிக்கு, வரிசைக்கும் கேட்கும்படி, நினைவூட்டினார்.

“பாத்தேங்க. கட்டை விரல்கூடப் போட்டேன்,” என்றாள் சுலோச்சனா. “இப்ப கேட்டத் தொறங்க.”

அவர் அருகில் வந்தார். குரல் இறங்கியது. “சுலோச்சனா, தலைவர் வீட்டுலயே ரூலை மீறினா எப்படி? நாலு பேர் பாக்கறாங்க.”

“அதுவும் நல்லதுதான். எங்க போறேன், எதுக்குப் போறேன், யார் வீட்டுக்குப் போறேன்னு அந்த நாலு பேருக்கும் சேத்து ஒரே தடவையா சொல்லிட்டுப் போறேன்.”

தணிகாசலம் தன் வாழ்நாளில் எத்தனையோ கோப்புகளை வருஷக்கணக்கில் நகராமல் வைத்திருந்தவர். அந்தக் கேட்டை அவர் திறந்த வேகத்தை அலுவலகத்தில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அவசரத்தில் விசில் வாயில் சிக்கி ஒரு சின்ன ‘கீச்’ வேறு.

“மருந்து வாங்கப் போறாங்க,” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மருந்து வாங்கப் போகிறவள் பட்டுப்புடவையிலும் மல்லிகைப்பூவிலும் இருந்ததை எல்லாரும் கவனித்தார்கள்.

மதிவாணன் அம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டான். பைக் வெளியே போக இரண்டாவது தடவை கேட்டைத் திறக்கும்படி கேட்கவே தேவைப்படவில்லை.

மேம்பாலத்தில் காரை நிறுத்துவது இந்தப் பக்கத்துக்காரர்கள் ஒரு பெரு வெள்ளத்தில் கற்றுக்கொண்டது. அன்று கார்கள் தெருவில் மிதந்து போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதிலிருந்து வானிலை அறிக்கையில் ‘புயல்’ என்ற சொல் வந்ததும் கார்கள் வரிசையாகப் பாலம் ஏறிவிடுகின்றன. தெருவெல்லாம் வெறிச்சென்று கிடக்க, பாலத்தின் மேல் மட்டும் திருவிழா. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க வருவதுபோல ஆட்கள் வந்து, தங்கள் காரின் கண்ணாடியைத் துடைத்து, சக்கரத்தைத் தட்டிக்கொடுத்து, சற்று நின்று, போனார்கள். தூறல்கூட இல்லை.

தணிகாசலத்தின் கார் கைப்பிடிச் சுவரை ஒட்டி, நல்ல இடத்தில் நின்றது. அதன் டிக்கியை முத்தமிட்டபடி பரத்வாஜின் கார். இடையில் ஒரு வாழையிலை நுழையாது. டிக்கியைத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மதிவாணன் தலையில் கை வைத்துக்கொண்டான். சுலோச்சனா காரைச் சுற்றிவந்தாள். கடல் பக்கம் இருந்த பின்கதவின் கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது.

அது மறதி அல்ல, கொள்கை. புயலின்போது காருக்குள் காற்றழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடித்துவிடும், ஆகவே நான்கு விரல் இறக்கி வைக்கவும் என்று யாரோ அனுப்பிய செய்தியைத் தணிகாசலம் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியிருந்தார். அனுப்பியவர்களில் அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

மதிவாணனின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. சுலோச்சனா வளையலைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுத் தன் கையை விட்டாள். சின்ன வயதில் வலைக் கண்ணியில் சிக்கிய மீனை எடுத்துப் பழகிய கை. உள்ளே போய், வளைந்து, பூட்டைத் தேடி, மேலே இழுத்தது. பழைய கார் என்பதால் அதற்குக் கோபம் வந்து கத்தத் தெரியவில்லை.

பின்சீட்டை மடக்கி, அதன் மேல் தவழ்ந்து, டிக்கிக்குள் தலையை விட்டாள். பட்டுப்புடவை ஒரு பக்கம், மல்லிகைப்பூ ஒரு பக்கம். அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது, தன் காரைப் பார்க்க பரத்வாஜ் வந்தார்.

பாதங்களைப் பார்த்துப் பேசுவதா, மதிவாணனைப் பார்த்துப் பேசுவதா என்று அவருக்குப் புரியவில்லை. சுலோச்சனா வெளியே வந்தாள். கையில் பித்தளைத் தட்டு, தட்டில் பட்டுப்புடவை.

“அடடே, நீங்களா. புயல் வந்துண்டிருக்கு, இங்க என்ன பண்றேள்? ஏதாவது விசேஷமா?”

மதிவாணன் ‘மருந்து’ என்று ஆரம்பித்தான். அப்பாவின் பிள்ளை. சுலோச்சனா அவனைக் கையால் தள்ளினாள்.

“எங்க அண்ணன் பொண்ணுக்கு நிச்சயம். நொச்சிக்குப்பத்துல.”

“நொச்சிக்குப்பத்துலயா? அங்க உங்களுக்கு யாரு?”

“அன்னைக்கு கேட்டாண்ட பாத்தீங்களே. உங்க பையனுக்கு வஞ்சிரம் சொன்னீங்களே, அவருதான்.”

“அந்த மீன்காரரா?”

“மீன்காரருதான். எங்க அண்ணனும் அவருதான்.”

‘கேட்டாண்ட’ என்று தன் வாயில் வந்ததைச் சுலோச்சனா கவனித்தாள். இரும ஆளில்லை. திருத்திக்கொள்ளவும் இல்லை.

பரத்வாஜ் கொஞ்ச நேரம் தன் கார் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மீன் ரொம்ப ருசியா இருந்தது,” என்றார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது போலிருக்கிறது. “பையன் சொன்னான்,” என்று சேர்த்துக்கொண்டார்.

கதவைச் சாத்தும்போது மதிவாணன் கடல் பக்கம் பார்த்தான். தூரத்தில் வானம் கொஞ்சம் மைக்கறுப்பாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிடட்டுமா என்று கேட்டான்.

“வேணாம். உங்கப்பா இறக்கி வெச்சது. ஏத்தறதுக்கு நாம யாரு?”

மதிவாணனுக்கு மறுபடி கூட்டம் இருந்தது. அவன் வீட்டுக்குத் திரும்பினான். சுலோச்சனாவுக்கு அப்துல் சமத் என்ற ஆட்டோக்காரர் கிடைத்தார். மெட்ராஸ் ரோடு இப்படி காலியாக இருந்து எத்தனை காலம் ஆகிறது என்று அவர் வழியெல்லாம் புயலைப் பாராட்டிக்கொண்டே வந்தார். திரு.வி.க. பாலத்தில் காற்று ஒரு தரம் ஆட்டோவின் ரெக்சினைத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் பலம்.

கடற்கரை வந்ததும் கதை வேறாக இருந்தது. பயங்கரமாக அல்ல, வேறாக. லூப் ரோட்டில் மணல் சேர்ந்து கிடந்தது. படகுகளை எல்லாம் இழுத்துவந்து ரோட்டோரம் ஏற்றியிருந்தார்கள். வலைகள் தார்ப்பாய்க்கு அடியில். அலை வழக்கத்தைவிட உயரமாக எழுந்து, சாம்பல் நிறத்தில் விழுந்து, இரைச்சல் போட்டது. மீன் விற்கும் பெண்கள் உட்காரும் இடத்தில் ஐஸ் பெட்டிகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. புயல் பலவீனமாகிவிட்டது என்று டிவியில் சொல்லலாம். கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையும் பலவீனமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மழை பெய்யாத ஊரில் இவர்கள் அடுப்பு மட்டும் நனைந்துவிடுகிறது.

அதனால்தானோ என்னவோ, ஷாமியானாவுக்குள் மேளம் இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது.

கபாலியும் புயல் விஷயத்தில் தணிகாசலத்துக்குக் குறைந்தவர் இல்லை. அலை ரோட்டுக்கு வந்துவிடும் என்று அவர் ஆரூடம் சொல்லி, எல்லாப் படகையும் ரோட்டின் மறுபக்கம் வரை ஏற்றவைத்திருந்தார். அலை பாதி மணலோடு திரும்பிப் போய்விட்டது. இப்போது படகுகளுக்கு நடுவில் இடம் போதாமல், விருந்தாளிகள் ஆளுக்கொரு படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ‘பிரம்மாண்ட நிச்சயதார்த்த விழா’ என்று பேனர் வேறு. அன்றைய புயல் நொச்சிக்குப்பத்துக்குச் செய்த ஒரே சேதம் அந்தப் பேனரைக் கிழித்தது. அதுவும் சரியாகக் கபாலியின் படத்துக்கு நடுவில்.

சுலோச்சனா இறங்கியபோது எல்லம்மா தன் தட்டோடு எழுந்து நின்றிருந்தாள். தட்டில் பச்சைப் பட்டு. வீட்டு வாசலில் ஷீலா பழைய சுடிதாரில் நின்றாள், இன்னும் எதையும் கட்டாமல். நேரம் ஆகிறது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பெண் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்த வந்துட்ச்சி,” என்றாள் ஷீலா.

கபாலி தங்கையைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார். அரக்குப் பட்டைப் பார்த்தார். கிழிந்த பேனரைப் பார்த்தார்.

“இன்னா இவ்ளோ நேரம்?”

“பாலத்து மேல மாட்டிக்கினு இருந்துச்சி.”

“நீயா?”

“சீரு.”

எப்படி, ஏன் என்று கபாலி கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவனிடம், அத்தைக்கு நாற்காலி போடக்கூடத் தெரியாதா என்று எரிந்து விழுந்தார். சுலோச்சனாவுக்குக் கண் நிறைந்தது. உப்புக்காற்று என்று வைத்துக்கொண்டாள். எல்லம்மா பச்சைப் பட்டை மெதுவாகத் தட்டோடு இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

அரக்குப் பட்டில் ஷீலா சபைக்கு வந்தாள். தட்டு மாற்றினார்கள். பிரபு, கரையில் நிற்பது பழக்கமில்லாதவன்போல, இந்தக் காலும் அந்தக் காலுமாக ஆடிக்கொண்டு நின்றான். மீன்காரர்கள் வீட்டு விருந்தில் அன்று மீனே இல்லை. கோழி பிரியாணி.

இந்த நேரத்தில்தான் டிவிக்காரப் பெண் வந்தாள். ஸ்ரீலக்ஷ்மி என்று மைக்கில் சொல்லிக்கொண்டாள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு விடிகாலையிலிருந்து கரையில் புயலைத் தேடி, வியர்த்துப் போயிருந்தாள். காமிராக்காரர் மணலில் படுத்து, முழங்கால் உயர அலையைப் பனை உயரத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டதும் இருவருக்கும் உயிர் வந்தது.

இயற்கையின் சீற்றத்துக்கு நடுவிலும் நம்பிக்கை தளராத மக்கள் என்று ஸ்ரீலக்ஷ்மி நேரலையில் ஆரம்பித்தாள். பட்டுப்புடவையும் பூவுமாகத் தட்டோடு நின்ற சுலோச்சனா அவள் கண்ணில் பட்டாள். மைக் நீண்டது. பயமாக இல்லையா அம்மா?

சுலோச்சனாவுக்கு அந்த மைக்கின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ரிவர் வியூ பார்ட்டி ஹாலில், பலூன்களுக்குக் கீழே, பெரிய டிவியில். வரிசையாக நாற்காலி போட்டு எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாற்காலியில் தலைவர்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“இன்னாத்துக்கு பயம்? நான் இங்கயே பொறந்தவ. சுலோச்சனா. இப்ப அடையார்ல ரிவர் வியூல கீறேன். தோ நிக்கிறாரே, எங்க அண்ணன் கபாலி. எங்க வூட்டுக்காரரும் பக்கத்துக் குப்பம்தான். அவங்க நைனா கட்டுமரத்துல போனவரு, நல்ல மன்ஷன். மருமக கையால ஒரு வாய் சோறு துன்னாம போய்ச் சேந்துட்டாரு. வூட்டுக்காரரு இப்ப எங்க அபார்ட்மென்ட்டுக்கே தலைவரு.”

அவர் வரவில்லையா என்று கேட்டாள் ஸ்ரீலக்ஷ்மி.

“அவரு அங்க புயலுக்குக் காவல் கீறாரு.”

படகுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் எப்போது, எங்கே என்று கேட்டாள் அந்தப் பெண். சாதாரணக் கேள்வி. இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் ‘மீன் கொண்டுவருபவர்’ என்ற சொல் அன்று கேட்டருகே விழுந்ததிலிருந்து சுலோச்சனாவின் நெஞ்சில் கிடந்தது. அது இப்போது எழுந்து நின்றது.

“ரிசப்ஷன் எங்க ரிவர் வியூ ஹால்லதான். தலைவரே பொண்ணுக்கு மாமா. அவரு ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சிது. நீங்களும் வந்துருங்க.”

கபாலியின் வாய் திறந்தது. எல்லம்மாவின் வாய் முதல் முறையாக மூடியது.

பிரியாணி இலை போடும்போது மதிவாணன் போன் செய்தான். பார்ட்டி ஹாலில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்றான். ரிவர் வியூ என்ற பெயர் டிவியில் வந்ததும் கைகூடத் தட்டினார்களாம். பிறகு மற்றது வந்ததும் நிறுத்திவிட்டார்களாம். அப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாராம். பரத்வாஜ் எழுந்துபோய் டிவியிலேயே பொத்தானை அழுத்தி மறுபடி போட்டாராம்.

“அப்பா இன்னா சொன்னாரு?”

“வெள்ளைப் பலகைய அழிச்சிட்டிருக்காரு.”

அப்போதுதான் மழை வந்தது. நாள் முழுக்க எல்லாரும் காத்திருந்த மழை. கடல் பக்கமிருந்து சாய்வாக, ஷாமியானாவை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, நன்றாகத்தான் பெய்தது. பெண்கள் தட்டுகளை முந்தானையால் மூடினார்கள். பிள்ளைகள் படகுகளில் ஆடினார்கள். பாயசம் பரிமாறி முடிப்பதற்குள் நின்றும்விட்டது. புயல் எங்கோ, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், கரையைக் கடந்து போயிருந்தது.

புறப்படும்போது கபாலி ஒரு பெரிய பாத்திரத்தில் பிரியாணி கட்டிக் கொடுத்தார். ஹாலைப் பற்றிச் சொன்னது நிஜமா, வாய்க்கு வந்ததா என்று ஒரே ஒரு தரம் கேட்டார்.

“டிவில சொல்லிட்டேன்ல,” என்றாள் சுலோச்சனா. “இன்னும் இன்னா நிஜம் வேணும் உனுக்கு?”

“மச்சான் ஒத்துக்குவாரா?”

அவள் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மாலையில் ரிவர் வியூ கேட் விரியத் திறந்து கிடந்தது. தெரு காய்ந்து கிடந்தது. மேம்பாலத்திலிருந்து கார்கள் திரும்பியிருந்த நிறுத்துமிடத்தில் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. பரத்வாஜ் முன்னால் வந்து, ஹால் விஷயத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் பொருளாக வைத்திருப்பதாகச் சொன்னார். விருந்தில் வஞ்சிரம் உண்டா என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கச் சொன்னதாகவும் சொன்னார். யார் யார் என்று அவர் சொல்லவில்லை.

சுலோச்சனா பாத்திரத்தோடு கணவருக்கு முன்னால் போய் நின்றாள். என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் நின்றாள். மனத்தில் பதில்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் கீது, கீறேன் என்றே முடிந்தன.

“பிரியாணி கீது,” என்றாள். “உங்க பங்கு.”

தணிகாசலம் இருமவில்லை. நிமிரவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திறந்த கார் கதவுக்குள் குனிந்து, ஒரு பிளாஸ்டிக் மக்கால் எதையோ மொண்டு மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் புயலில் ரிவர் வியூவில் தண்ணீர் புகுந்தது ஒரே இடத்தில்தான். தலைவருடைய காரின் பின்சீட்டில்.